கோடு நேராகத்தான் இருந்தது

சிராங்கூன் சாலை சிக்னலில் வேன் நின்றபோது சுரேந்தருக்கு அந்தச் சத்தம் முதல்முறை கேட்டது. ஏசியின் இரைச்சலுக்கும், பின்னால் அடுக்கியிருந்த மல்லிகைப் பெட்டிகளில் ஐஸ் உருகிச் சொட்டும் ஓசைக்கும் கீழே, இடது இருக்கையின் அடியிலிருந்து ஏதோ இரண்டு முறை தட்டிவிட்டு நின்றது. சிறு இடைவெளி. மறுபடியும் இரண்டு.

இடது இருக்கையில் யாமினி உட்கார்ந்திருந்தாள். ஜூன் விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால் தினமும் அவளும் தேக்காவில் இருந்த அவர்கள் பூக்கடைக்கு வந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமை வந்தால் எட்டு வயது.

"அப்பா, என் சீட்டுக்கு அடியில யாரோ தட்றாங்க."

"என்ஜின்மா. இந்த வேன்ல என்ஜின் உன் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு."

"என்ஜின் ரெண்டு தடவ மட்டும் தட்டிட்டு வெய்ட் பண்ணுமா?"

பச்சை விழுந்தது. அவன் வேனை நகர்த்தினான். மல்லிகை வாசனையின் மேல் பெட்ரோல் வாசனை மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் என்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியிருந்தான். மார்சிலிங்கில் அவர்கள் அடுக்குமாடி பிளாக்குக்கு எதிரே உள்ள கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், இருக்கையைத் தூக்கிவிட்டு, வெயிலில் முட்டிபோட்டு, நான்கு பழைய பிளக்குகளைக் கழற்றி நான்கு புதியவற்றைப் பொருத்தினான். பட்டறைக்குக் கொண்டுபோக அவனுக்கு மனமில்லை. பதினோரு ஆண்டுகள் கப்பல் கட்டும் தளத்தில் போல்ட் இறுக்கிய கை அது. இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் ஸ்பேனர் க்ளிக் என்றது. நான்கு பிளக். நான்கு க்ளிக். பிறகு, பழக்கத்தால், வெள்ளை பெயிண்ட் பேனாவை எடுத்து ஒவ்வொரு பிளக்கின் பட்டையிலிருந்து என்ஜின் இரும்பு வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

கப்பல் தளத்தில் அப்படித்தான். இறுக்கி முடித்ததும் கோடு. போல்ட் மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். கோட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அவன் மனைவி ரக்ஷனா காலையிலேயே பஸ்ஸில் வந்து கடையைத் திறந்திருந்தாள். பூப்பெட்டிகளை அவளிடம் இறக்கிக் கொடுத்துவிட்டுக் கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தவன், என்ஜின் ஆறும்வரை காத்திருந்தான். யாமினியைத் தூண் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு இருக்கையைத் தூக்கினான். குனிந்து பார்த்தான். நான்கு கோடுகளும் நேராக இருந்தன. மூச்சு விட்டான்.

சும்மா, இரண்டு விரலால் முதல் பிளக்கைத் தொட்டான்.

தண்ணீர் பாட்டில் மூடியைப்போலத் திரும்பியது.

இரண்டாவதும். மூன்றாவதும். நான்காவதும்.

அங்கேயே, அந்த மஞ்சள் விளக்கில், எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினான். பழைய கோடுகளைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தான். புதுக் கோடுகள் போட்டான். க்ளிக் சத்தத்தை யாமினியையும் எண்ணச் சொன்னான். "ஃபோர்" என்றாள் அவள். பிறகு, "யாருப்பா தட்டினது?" என்றாள்.

மறுநாள் வியாழன். அதே சிக்னல். அதே சத்தம். இருக்கைக்குக் கீழே நான்கு நேரான கோடுகள், விரலுக்கே திரும்பும் நான்கு பிளக்குகள்.

வெள்ளிக்கிழமை புக்கிட் பாத்தோக்கில் இராமசாமியின் பட்டறைக்குப் போனான். அறுபதைத் தாண்டிய மெக்கானிக். பனியனோடு குனிந்து, டார்ச் அடித்து, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு மரையிலும் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். யாமினி டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மரை நல்லாத்தான் இருக்கு தம்பி. பிளக்கும் சரியான பிளக்குதான்."

"அப்புறம் ஏண்ணே கழண்டுக்குது?"

"எங்க கழண்டுச்சு? கழட்டறதுக்கு முன்னாடி கோட்டப் பாத்தேன். அசையவே இல்ல." நிமிர்ந்து துணியில் கை துடைத்தார். "கோவிச்சுக்காதே. கோடு நேரா இருக்கு, பிளக் லூஸா இருக்கு. ஒரே அர்த்தந்தான். நீ இறுக்கல. கோடு மட்டும் போட்டிருக்கே."

"இறுக்கினேண்ணே."

"சரி லா, இறுக்கினே. நான் என்ன போலீஸா?" சிரித்தார். "பாப்பா, ஒங்கப்பாவுக்கு டிராயிங் நல்லா வரும்போல."

யாமினியும் சிரித்தாள். சுரேந்தரின் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது.

இராமசாமி தன் கையாலேயே நான்கையும் இறுக்கினார். பழைய கோடுகளைச் சுத்தமாகத் துடைத்தார். புதிதாக எதுவும் போடவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

விரைவுச்சாலையில், இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து வெளிச்சம் பச்சையாக மாறும் இடத்தில், மறுபடி கேட்டது. இப்போது மெதுவாக. பொறுமையாக. இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. யாமினி கால்களைத் தூக்கி இருக்கையின்மேல் மடக்கிக்கொண்டாள். அவன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

மார்சிலிங் மேல்தளத்தில் இருக்கையைத் தூக்கினான்.

நான்கு பிளக்குகளிலும் கோடு இருந்தது. வெள்ளை. நேராக. தொட்டான். விரலில் ஒட்டியது. ஈரம்.

எட்டு ஆண்டுகளாக அவன் நினைக்காத பெயர் அப்போது வாய்வரை வந்தது.

மாணிக்கம். கப்பல் தளத்தில் அவனோடு வேலை செய்தவர், கல்யாணத்துக்கு முன் தங்கும் விடுதியில் பக்கத்துக் கட்டில். மூத்தவர். உயரத்தில் நின்று வேலை செய்யத் தொங்கவிடும் எந்தப் பலகையில் ஏறினாலும், ஏறுமுன் ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை தட்டிப் பார்ப்பார். டக், டக். "சத்தம் கெட்டியா இருந்தா ஏறு. ஓட்டையா இருந்தா எறங்கு" என்பார். எல்லோரும் கேலி செய்வார்கள். சுரேந்தர் இறுக்கிய போல்ட்டை மட்டும் தட்டமாட்டார். "இது லட்சுமணன் போட்ட கோடுடா. தாண்டி எதுவும் வராது."

அன்று மாலை கப்பலின் பக்கவாட்டில் ஒரு பலகையைத் தொங்கவிட வேண்டும். நான்கு போல்ட். மழை கருத்திருந்தது. ரக்ஷனாவைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று போன் வந்தது. சுரேந்தர் நான்கையும் கையால் திருகினான். காலையில் வந்து இறுக்கிக்கொள்ளலாம். கோடு இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் விடமாட்டார். நான்கு கோடு போட்டுவிட்டு ஓடினான்.

இரவு ஒன்பதே காலுக்கு யாமினி பிறந்தாள். காலையில் குழந்தையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்ததில் அவனுக்கு நேரமாகிவிட்டது. மாணிக்கம் கோட்டைப் பார்த்தார். தட்டவில்லை. ஏறினார்.

மாணிக்கத்தின் சாவுக்கு, அதிர்வினால் போல்ட்டுகள் கழன்றதே காரணம், கோடுகள் முறையாகப் போடப்பட்டிருந்தன என்றது விசாரணை. சுரேந்தர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டான்.

வேன் சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டினான். பெயிண்ட் பேனாவைக் குப்பைக் குழாயில் போட்டான். பதினோரு மாடி. அது கீழே போய் விழும் ஓசைக்காக நின்றான். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ரக்ஷனா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வேன எதிர்ல நிறுத்தி வெச்சுட்டு நான் டாக்சில பூ ஏத்திட்டுப் போறேன். ஷிப்யார்டு மாப்பிள்ளைன்னா வீட்ல ஒரு ஆணியும் ஆடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க."

"ரக்ஷு, இன்னிக்குப் போகாதயேன்."

"கல்யாண மாலை ஆர்டர் லா இருக்கு. பொண்ணு மாலை இல்லாம நிக்குமா? சாயங்காலம் கேக்கோட வரேன். அவள ஐபேட்லயே விட்டுடாதீங்க."

மூன்று மணிக்கு வானம் இருண்டது. எதிர் பிளாக்குகளின் நடைபாதை விளக்குகள் பகலிலேயே எரியத் தொடங்கின. சன்னல் வழியே ஈர மண்ணும் யாரோ வறுக்கும் பெலாச்சான் இறால் விழுதும் கலந்த வாசனை வந்தது. முதல் துளிகள் தகரக் கூரையில் விழுவதுபோல ஏசி பெட்டியின்மேல் விழுந்தன. யாமினி கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. லேசாக ஆடிக்கொண்டு.

அவன் விசிறியை நிறுத்தினான். நாற்காலியில் ஏறினான்.

கூரையில் விசிறியைத் தாங்கும் போல்ட்டில் வெள்ளைக் கோடு.

நேராக.

தொட்டான். திரும்பியது.

"யாமினி, கட்டில விட்டு எறங்கு."

"ஏம்பா?"

"எறங்கு!"

ஸ்பேனரை எடுத்து இறுக்கினான். இறங்கும்போது சன்னலைப் பார்த்தான். கிரில்லின் ஆறு திருகாணிகள். ஆறு கோடுகள். கிரில்லுக்கு அப்பால் பதினோரு மாடி மழை. ஒவ்வொன்றாக இறுக்கினான். கடைசியை இறுக்கிவிட்டு முதலாவதைத் தொட்டான். தளர்ந்திருந்தது. மறுபடி இறுக்கினான். மறுபடி தளர்ந்தது. கதவுக் கீல். கோடு. கட்டில் கால். கோடு. புத்தக அலமாரி. கோடு. உள்ளங்கையில் தோல் உரிந்தது. எரிந்தது. நிறுத்தவில்லை.

சுவருக்குள் எங்கோ இரண்டு தட்டு.

யாமினியைத் தூக்கிக் கூடத்துக்கு ஓடினான். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினான். மேசையைத் தள்ளினான். தொலைக்காட்சியைக் கீழே இறக்கினான். கூடத்தின் நடுவில், வெறும் தரையில், மேலே எதுவும் இல்லாத இடத்தில் அவளை உட்காரவைத்தான்.

"இங்கேயே இரு. எதையும் தொடாத."

"அப்பா, பயமா இருக்கு."

"அப்பா இருக்கேன்."

எதுவும் இல்லை. இறுக்க வேண்டியது எதுவும் அவள் அருகில் இல்லை. அவளுக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. காலையில் ரக்ஷனா போட்டுவிட்ட இரட்டைச் சடை. நடுவில் வகிடு. எண்ணெய் வாசனை. சடைகளுக்கு இடையே மெல்லிய பின்னங்கழுத்து.

கழுத்தில் வெள்ளைக் கோடு.

முடி முடியும் இடத்திலிருந்து சட்டைக் காலர் வரை. நேராக.

"யாமினி." குரல் அவனுடையதாக இல்லை. "கழுத்துல பெயிண்ட் பூசினியா?"

"இல்லப்பா. எங்க?"

"அசையாத. திரும்பாத."

கட்டைவிரலால் துடைத்தான். விரல் வெளுத்தது. கோடு அப்படியே இருந்தது. இரண்டு கைகளையும் மெதுவாகக் கொண்டுபோய் அவள் தலையின் இரண்டு பக்கமும் வைத்தான். பிடித்தான். காதுகள் சூடாக இருந்தன. எவ்வளவு அழுத்துவது? போன் படுக்கையறையில் இருந்தது. கையை எடுக்க முடியாது. ரக்ஷனா வர நான்கு மணி நேரம். பிடித்துக்கொண்டிருப்பான். நான்கு மணி நேரமும் பிடித்துக்கொண்டிருப்பான்.

டக். டக்.

அவனுக்குப் பின்னால். தரையில். அருகில்.

"அப்பா, யாரோ—"

"மாணிக்கண்ணே." கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக. "நான் இறுக்கலண்ணே. கோடு மட்டும் போட்டேன். இவ பொறந்துட்டாளான்னு பாக்க ஓடிட்டேன். தெரிஞ்சுதான் செஞ்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன். இவள விட்டுடுங்க."

தட்டு நின்றது.

மழையும் குறைந்தது. கீழே எங்கோ லிப்ட் கதவு திறந்து மூடியது. ஒரு பஸ் நின்று கிளம்பியது. எதிர் பிளாக்கில் யாரோ துணி காயப்போடும் கம்பை மறுபடி வெளியே நீட்டினார்கள். வீடு அமைதியாக இருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். கோடு நேராகத்தான் இருந்தது.

அப்போது உள்ளங்கைகளுக்குள் அவள் தலை நகர்ந்தது. இடப்பக்கமாக. எந்த எதிர்ப்பும் இல்லாமல்.

"திரும்பாதம்மா." அழுத்திப் பிடித்தான். "அப்பா சொல்றேன்ல. நேரா பாரு."

"நான் திரும்பலப்பா" என்றாள் யாமினி.

அவள் தோள்கள் அசையவில்லை. கைகள் மடியில் இருந்தன. வெள்ளைக் கோட்டின் மேல்பாதி கீழ்ப்பாதியை விட்டு விலகத் தொடங்கியது.