தண்ணீர்த் தொட்டியும் அணுப்பெட்டியும்

"இந்த டிபன் கேரியரையா மலைமேல தூக்கிட்டு வரப்போறே?" என்று சிரித்தார் திருஞானம். மீட்புக் குழுவின் தலைவர். யாரையாவது மட்டம் தட்டாவிட்டால் அவருக்குக் காலைக் காபி செரிக்காது.

அமலி தன் அளவுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டாள். கரடிமலைக் குகைக்குள் இறங்கிய அவள் தம்பி ரூபன், வழி இடிந்து உள்ளே அடைபட்டிருந்தான். எந்தச் சரிவுக்கு அடியில் என்று யாருக்கும் தெரியவில்லை. மழை திரண்டு நின்றது. ஒரே ஒரு துளை போடத்தான் நேரம்.

பெட்டிக்குள் லேசரால் குளிரவைத்த அணுக்கள் விழும். அவை விழும் விதத்தைக் கொண்டு பூமியின் இழுப்பை அளக்கலாம். அடியில் குகை இருந்தால் இழுப்பு இம்மியளவு குறையும். புறப்படுமுன்னும் திரும்பியபின்னும் ஒரே இடத்தில் அளந்து, பெட்டி பிசகவில்லை என்று சரிபார்ப்பது வழக்கம். நிழலுக்காக, வன பங்களாவின் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் அந்த இடத்தைக் குறித்திருந்தார்கள்.

காலையில் அங்கே அளந்து முடித்தபோது வேலியோரம் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். ஊர்க் கிணறு வற்றிவிட்டதாம்.

"வர்றவங்களுக்கெல்லாம் ஊத்த இதென்ன தண்ணீர்ப் பந்தலா?" என்றார் திருஞானம்.

அமலி குழாயைத் திறந்துவிட்டாள். "வேணுங்கிறதப் பிடிச்சுக்கங்கக்கா."

முள்ளும் வழுக்குப் பாறையுமாக மேற்குச் சரிவை முதலில் அளந்தார்கள். பிற்பகலில் கிழக்குச் சரிவு. மாலையில் தொட்டியடிக்கு வந்து அளந்தால், எண் காலையைவிடக் கூடியிருந்தது.

"பாத்தியா, உன் பொம்மை மத்தியானத்துக்கு மேல பிசகிடுச்சு." பிற்பகல் அளவுகளிலிருந்து அந்த வித்தியாசத்தைத் திருஞானம் கழித்தார். கழித்ததும் கிழக்கில் இழுப்பு குறைந்ததாகத் தெரிந்தது. "கிழக்கால துளை போடுங்கப்பா."

ஆண்டவரே என்று முணுமுணுத்தபடி அமலி கை கழுவக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

"சார், பெட்டி பிசகலை. காலையில தலைக்குமேல அம்புட்டுத் தண்ணி இருந்துச்சு. அது அணுக்களைக் கொஞ்சம் மேல இழுத்துச்சு. இப்ப தொட்டி காலி."

"தொட்டித் தண்ணி பூமியோட மல்லுக்கு நிக்குதாம். கேக்கணும்னு என் தலையெழுத்து."

"பங்களா போர்வெல் மோட்டாரைப் போட்டு ரொப்பினா தெரிஞ்சிரும், சார்."

குழுவினர் அவர் முகத்தைப் பார்க்காமலே மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிறைய நிறைய எண் இறங்கியது. வழிந்தபோது காலை அளவில் வந்து நின்றது. திருஞானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். எண் அவருக்காக மாறவில்லை.

கழித்ததைத் திரும்பக் கூட்டியதும் மேற்குச் சரிவில்தான் இழுப்பு குறைவாக இருந்தது. துளைக்கருவி அங்கே போயிற்று. தூறல் விழத் தொடங்கியபோது கம்பி சட்டென்று வெறுமைக்குள் இறங்கியது.

"ரூபா!"

"மெதுவா கத்து, அக்கா," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இப்பத்தான் வௌவால் எல்லாம் அடங்கியிருக்கு."

துளையை அகலமாக்கி அவனை மேலே இழுத்தபோது விடிந்திருந்தது. கையில் சூடான கஞ்சி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தவன், மழையில் நனைந்து ஒதுங்கி நின்ற திருஞானத்தைக் கண்டான்.

"குடிங்க சார், ரொம்ப நடுங்குறீங்க," என்று டம்ளரை நீட்டினான்.

திருஞானம் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தார். இரக்கம் ஆள் பார்த்து வருவதில்லை. இறைவன் அதை அப்படித்தான் படைத்திருக்கிறார்.