கடை போடாத நாள்

"எங்க அத்தைக்கு நான் மருந்து வெச்சிட்டேன்னு தெருவே பேசிகினு கீது சார். என் வூட்டுக்காரரே வாசல்ல நின்னு கத்திட்டாரு," என்றாள் செங்கொடி.

தண்டையார்பேட்டையில் மாவு மில்லுக்கு மேலே பீம்ராவின் துப்பறியும் அலுவலகம். தலை போகிற அவசரத்திலும் நிதானமாகத் தேநீர் குடிக்கிற மனிதர் அவர். உதவியாளர் வினிதா அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

செங்கொடியின் மாமியார் பூவம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். வெள்ளிக்கிழமை மட்டும் கடை போடமாட்டாள். மூன்று வருடமாக முடக்குவாதம். அதற்கு இந்த ஜனவரியிலிருந்து வாரம் ஒரு மாத்திரை. நான்கு நாளாக வாயெல்லாம் புண், காய்ச்சல். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருந்தன, காரணம் பிடிபடவில்லை.

"சமைக்கிறது நீங்கதானே?" என்றாள் வினிதா, குற்றவாளியைப் பிடித்துவிட்ட முகத்தோடு.

"அதே கொழம்பத்தான் மூணு பேரும் சாப்ட்டோம். நானும் அவரும் குத்துக்கல்லாட்டம் கீறோம்."

பீம்ராவ் எழுந்து செருப்பை மாட்டினார்.

ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து விசைப்படகுகள் கரையில்தான் கிடந்தன. வீட்டில் பூவம்மாவின் மருந்து இருந்த தகரப் பெட்டிக்குப் பூட்டு. சாவி அவள் இடுப்பிலேயே இருந்ததால் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தார்கள். உள்ளே மாத்திரைப் பட்டைகள், ரசீது. ஏப்ரல் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மாத்திரை வாங்கியிருக்கிறாள். இருபத்தைந்தாம் தேதி சேர்த்தார்கள். அதுவரை மூன்று போயிருக்க வேண்டும். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

"மருமகதான் எடுத்துக் கலந்திருக்கணும்," என்று வினிதா கிசுகிசுத்தாள்.

"சாவி இல்லாமலா? மொதல்ல வார்டு டாக்டருக்குப் போன் போடு. இந்த மாத்திரைதான், பதினோரு மாத்திரைன்னு சொல்லு. துப்பெல்லாம் அப்பறம்."

அன்று மாலை கட்டிலைச் சுற்றி மகன் அறிவு, செங்கொடி, காசிமேட்டுக் கிளினிக்கிலிருந்து வந்திருந்த நர்ஸ் சிவந்தி எல்லோரும் நின்றார்கள். மாற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வாய்ப்புண்ணால் பூவம்மாவால் பேச முடியாது. அதனால்தான் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பீம்ராவ் கேட்டார்.

"இந்த மாத்திரை போட்டா அன்னிக்குப் பூரா கொமட்டும், மீன் நாத்தம் ஆகாது. அதனால கடை போடாத நாள்ல போட்டுக்கச் சொன்னாங்க. சரியாம்மா?"

பூவம்மா தலையசைத்தாள்.

"தடைக்காலம் வந்துச்சு. படகு போகல, மீன் இல்ல, கடையும் இல்ல. தெனமும் கடை போடாத நாள்தான். தெனமும் ஒன்னு போட்டீங்களா?"

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள் பூவம்மா. வாங்கிய வெள்ளிக்கிழமை போட்ட ஒன்றோடு சேர்த்துப் பதினொன்று. கண்ணில் நீர் வழிந்தது.

"வாரத்துக்கு ஒன்னு சாப்பிட்டா கை காலை நிமித்துற மருந்து, தெனமும் போனா எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதையே நிறுத்திடும்," என்றார் பீம்ராவ். "கெழமையைச் சொல்லாம வுட்டதுதான் தப்பு."

"மாத்திரை ஆரம்பிச்சப்ப கடை போடாத நாள்னு சொன்னது நாந்தான் சார்," என்றாள் சிவந்தி தாழ்ந்த குரலில். "இனிமே கெழமை சொல்லாம யாருக்கும் தரமாட்டேன்."

ஆறாம் நாள் அணுக்கள் ஏறத் தொடங்கின. பூவம்மா கஞ்சி குடித்தாள். வெளியே நடையில் அறிவு மனைவியின் கையைப் பிடித்தான்.

"தப்புதான் செங்கொடி. வூட்டுக்கு வா."

அவள் கையை உருவிக்கொண்டாள். அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

"இங்க சொன்னா எனுக்கு மட்டுந்தான் கேக்கும். தெருவுல நின்னு சொன்னியே, அங்கயே நின்னு மாத்திச் சொல்லு. அப்பறம் வரேன்."

அறிவு தங்கள் தெருவை நோக்கி முன்னால் நடந்தான். அவள் பத்தடி பின்னால், எல்லாம் காதில் விழுகிற தூரத்தில், நடந்து போனாள்.