முதலிடம் வேண்டாம்

சான் ஹுவான் நகரில் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்த எலாதியோவைத் திருட்டும் புரட்டும் எப்படித்தான் தேடி வந்தனவோ! அன்று மதியம் வந்த நெரெய்தாவுக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை.

"என் பையனக் காப்பாத்துங்க ஐயா!" என்று மூன்று கடிதங்களை மேசைமேல் வைத்தாள். மூன்றிலும் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய எழுத்துகள்: 'பாட்டு முதலிடம் வந்தால் நோயெல் சாவான்.'

அவள் மகன் நோயெலுக்குப் பதினாலு வயது. 'பட்டங்கள்' என்ற ஐந்து பையன்களின் குழுவில் அவன்தான் முன்னணிப் பாடகன். புது இசைத்தட்டு வானொலி வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அன்று நாலு மணிக்கு அடுத்த வரிசை. முதலிடம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் வாத்தியக் குழுவோடு நேரடியாகப் பாட வேண்டும். மற்ற மேடைகளில் ஒலிநாடா பாடும், பையன்கள் வாயசைப்பார்கள்.

"போட்டிக் குழுக்காரன் வேலதான் மாமா! வாங்க, அமுக்கிடலாம்!" என்று எழுந்தாள் எலாதியோவின் அக்கா மகள் சொராய்தா.

"கொஞ்சம் மூச்சு விடுடி. ஏம்மா, கடிதம் எங்க கிடைச்சுது?"

"ஒண்ணு தலையணைக்கடியில, ஒண்ணு ரொட்டிக் கூடையில, இன்னிக்கி என் கைப்பையில. கதவெல்லாம் பூட்டித்தான் இருந்துச்சு. புள்ள பயந்து போய் ஒரு மாசமா கிசுகிசுன்னுதான் பேசறான்."

எலாதியோ அவள் கொண்டுவந்திருந்த இசைத்தட்டை ஓடவிட்டு, கூடவே பியானோக் கட்டைகளைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"பியானோ சுருதி போச்சு மாமா."

"காலையிலதான் சேர்த்தேன்."

நாலு அடிக்கச் சற்று முன் நெரெய்தாவின் வீட்டுக்குப் போனார்கள். அந்த வெயிலிலும் நோயெல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வானொலிப் பெட்டியையே வெறித்துக்கொண்டிருந்தான். சொராய்தா கட்டிலுக்கடியில் புகுந்து தேடினாள்.

"வெளிய வாடி, அங்க யாருமில்ல," என்றார் எலாதியோ. "எதிரியா இருந்தா 'குழுவ விட்டுப் போ'ன்னு எழுதுவான். இவன் முதலிடம் மட்டும் வேண்டாங்கறான். பூட்டின வீட்டுல கடிதம் வச்சவன் உள்ள இருக்கறவன்தான்."

"அப்ப பியானோ?"

"பாட்டு ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது. எந்த வாத்தியக்காரனும் அப்படிச் சுருதி வைக்க மாட்டான். நாடாவ வேகமா ஓட்டியிருக்காங்க. அப்படி ஓட்டினா தடிச்ச குரலும் சின்னப் பையன் குரலாயிடும். குரல் உடைஞ்ச பையன அந்தக் குழுவுல கேக் வெட்டி அனுப்பிடுவாங்க. அதுதான் அவங்க வழக்கம். இல்லையா தம்பி?"

நோயெல் கழுத்துத் துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டான். வானொலியில் அறிவிப்பாளர் உற்சாகமாகக் கத்தினார். முதலிடம் 'பட்டங்கள்'!

நெரெய்தா அலறியபடி மகனை இழுத்து அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"யாரும் வரமாட்டாங்கம்மா. நான்தான் எழுதினேன்."

யார் பேசியது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். கரகரத்த, தடித்த ஆண்குரல்.

"குரல் உடைஞ்சுதுன்னு ரமீரோவ அனுப்பினப்புறம் அவன் பேரக்கூட யாரும் சொல்லல. ஒலிப்பதிவுக்காரர் பாவப்பட்டு எனக்கு இப்படிச் செஞ்சு குடுத்தாரு. ஞாயித்துக்கிழம நாடா கிடையாதும்மா. நான் வாயத் திறந்தா..."

அவள் மகனை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வானொலியில் அவனுடையதல்லாத அந்த மெல்லிய குரல் கொஞ்சமும் பயமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.