ஒன்பது லட்சத்தில் ஒரு பங்கு

நெஞ்சில் அது வந்தபோது எப்சிபா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். மேசையைச் சுற்றியிருந்த மற்ற இருவரும் வைத்தார்கள். யாரும் பேசவில்லை, அதுதான் வழக்கம். ஜன்னலுக்குக் கீழே நாலுவழிச் சாலையில் வண்டிகள் தாமாகவே வேகம் குறைந்து ஊர்ந்தன. மாவட்டத்தில் எங்கோ ஒருவர் விபத்தில் இறந்திருக்கிறார். அவர் வீட்டாரின் துயரத்தை எடுத்து, ஓட்டுநர் உரிமம் உள்ள ஒன்பது லட்சம் பேருக்கும் துயர்ப்பகிர்வி என்ற இயந்திரம் சமமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் பொறியாளர் ராபியா. "எங்க மாமியார் போன் பண்ணாலே இதவிடக் கூட வலிக்கும்."

எப்சிபாவும் சிரித்துவிட்டாள்.

திட்ட அலுவலர் கோமதிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. "இதத்தான் மேடம் நானும் சொல்லுதேன். வலிக்கலைன்னா எவன் பிரேக்க மிதிப்பான்?"

சாலை உயிர்காப்பு வாரியம் தொடங்கிய புதிதில் பகிர்வி துயரத்தை நகலெடுத்து, எல்லோர் காதுக்குப் பின்னாலும் பதித்த பொட்டளவு சில்லுக்கு முழுசாக அனுப்பியது. ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார்கள். சாவு மளமளவென்று குறைந்தது. பிறகு வாரியத் தலைவியாக வந்த எப்சிபாதான் விதியை மாற்றினாள். நகல் வேண்டாம், துயரத்தையே எடுத்துப் பிரித்துவிடலாம். இழந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போல ஒரு பங்குதான். அன்று எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். இப்போது சாவு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

"பழைய முறைக்கே போயிருவோம் மேடம். துக்கம் உரியவங்ககிட்டயே இருக்கட்டும். மத்தவங்களுக்கு நகல் முழுசா போகட்டும். இந்தத் தீர்மானத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"பிணவறை வாசல்ல ஒரு அம்மா தரையப் பிராண்டுனத நான் பாத்திருக்கேன் நாயகம். அத அவகிட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லுதீங்களா? நான் போட மாட்டேன்."

அவளுடைய கைப்பேசி அடித்தது. மகள் கெசியா. உரிமம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது.

"அம்மா." பேருந்து நேரம் சொல்வது போலிருந்தது குரல். "நானும் அப்பாவும் வண்டில வந்தோம். அப்பாதான் ஓட்டுனாங்க. லாரி இடிச்சிருச்சு. எனக்குச் சிராய்ப்புதான். அப்பா இறந்துட்டாங்கம்மா."

எப்சிபா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"முதல்ல நெஞ்சே வெடிச்சிரும் போல இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு. இப்பப் பசிக்குது. தப்பாம்மா?"

எப்சிபா கோப்பையைப் பார்த்தாள். சற்றுமுன் கீழே வைத்த அதே கோப்பை. அப்போது நெஞ்சில் வந்தது அவள் கணவன் ஜோயலுக்கான துயரம். அதற்குத்தான் சிரித்தாள்.

காலையில் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடினான் ஜோயல். அந்த நினைப்போடு அடிவயிற்றிலிருந்து ஏதோ திரண்டு தொண்டைக்கு ஏறியது. வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே யாரோ தட்டை எடுத்துப் போனதைப் போல, அது போய்விட்டது. பிறகு அவளுடைய பங்கு வந்தது.

ராபியாவும் நாயகமும் கோப்பைகளைக் கீழே வைத்தார்கள். வெளியே வண்டிகள் ஊர்ந்தன.

"ரெண்டாவது சாவா?" என்றார் நாயகம். "இதுவும் லேசுதான்."

எப்சிபா தீர்மானத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன மேடம், திடீர்னு?"

"ஏற்கெனவே எடுத்ததத் திருப்பி வாங்க முடியுமா?"

"பிரிச்சாச்சே மேடம். ஒன்பது லட்சம் பேருகிட்டயும் போயா கேக்க முடியும்? இனிமே சாகிறவங்களுக்குத்தான் இது."

கைப்பேசி இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

"அம்மா, அழுறியா?"

"இல்ல."

"நானும் இல்ல."

கீழே, வண்டிகள் மறுபடி வேகம் பிடித்தன.