ஊருக்கெல்லாம் ஒரே அம்மா

கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே பூவராகனுக்கு அழுகை வந்துவிட்டது. இன்று தெய்வானையம்மாள் நினைவு நாள். வருஷா வருஷம் வரும் அழுகைதான். அந்த அம்மாளை அவர் பார்த்ததே இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனாலும், ஓட்டைக் குடிசையில் தன் பங்குக் கஞ்சியையும் அவர் தட்டில் ஊற்றிவிட்டு, “எனக்குப் பசிக்கலடா ராசா” என்று அவள் சொன்னது அப்படியே நினைவிருந்தது. நாட்டில் பதினெட்டு தாண்டிய எல்லோருக்கும் இருந்தது.

எல்லாம் பால்யப் பதியன் என்ற இயந்திரத்தின் வேலை. பதினெட்டாவது பிறந்தநாளில் நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் கவசத்தைக் கவிழ்த்தால், சொந்தப் பால்யத்தை நறுக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் தெய்வானையம்மாளின் மகன், நாட்டை ஆண்ட பேராளரின் பால்யத்தை ஒட்டிவிடும், ரோஜாக் கிளையை ஒட்டுக் கட்டுகிற மாதிரி. பசி, ஒழுகும் கூரை, கிடங்குக்காரன் அம்மாவை அடிக்கத் தடியை ஓங்கியது, பன்னிரண்டு வயதுப் பையன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தது, தடியைப் பிடுங்கியது. அப்புறம் பேராளர் பத்திரிகைகளை மூடினாலும், கேள்வி கேட்டவர்களைக் காணாமல் போக்கினாலும், “பாவம், கஷ்டப்பட்டு வந்த பிள்ளை” என்று ஜனங்கள் உருகினார்கள். தன்னைத்தானே யார் திட்டிக்கொள்வார்கள்?

அந்த இயந்திரத்தின் தலைமை இயக்குநர் பூவராகன். பெற்ற தாயின் பெயரே அவருக்குப் பழைய ரேஷன் அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஊரார் அம்மாக்களை அழிக்க அவருக்குப் பதவி உயர்வு வேறு கொடுத்திருந்தார்கள்.

இன்று மகள் காந்தளுக்குப் பதினெட்டு.

“அம்மா எனக்குத் தலை பின்னும்போது ரிப்பனைப் பல்லுல கடிச்சுக்கிட்டே திட்டுவாங்கப்பா. ஒரு வார்த்தை புரியாது,” என்றாள் வழியில். ஏழு வயதில் தாயைப் பறிகொடுத்தவள். “சாயங்காலம் இது எனக்கு இருக்காதுல்ல?”

“நான் சொல்றேன் கண்ணு.”

“நீங்க சொன்னா அது கதைப்பா. இப்ப அது அம்மா.”

எதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருக்கும் பூவராகன் சீருடைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். வீரம் அவ்வளவுதான்.

பேராளர் போன மாதம் இறந்துபோனார். இன்று சதுக்கத்தில் அவர் மகன் இளையாளர் பட்டம் ஏற்கிறார். பூவராகன் வீட்டுக்குள் மட்டும் அவருக்குச் சின்னாளர் என்று பெயர். புது ஆட்சியின் முதல் பதியமாக, மேடையிலேயே காந்தளை உட்காரவைப்பதாக ஏற்பாடு. தலைமை இயக்குநர் குடும்பத்துக்குக் கௌரவமாம்.

அதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. பட்டமேற்பவர் தெய்வானையம்மாள் காய்ச்சிய மாதிரியே, சுட்ட மிளகாய் கிள்ளிப் போட்ட கேழ்வரகுக் கஞ்சியை மண்சட்டியில் குடிக்க வேண்டும். அரண்மனைச் சமையற்காரி பொன்னுத்தாய் சட்டியை நீட்டினாள்.

யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. நாட்டிலேயே பதினெட்டு தாண்டியும் பதியம் ஏறாதவர் இளையாளர் ஒருவர்தான். ‘ராசா வீட்டுப் பிள்ளைக்கு எதுக்குப் பட்டினி?’ என்று பேராளரின் மனைவி அப்போதே தடுத்துவிட்டாள்.

இளையாளர் ஒரு வாய் குடித்தார். “த்தூ! நாய்கூடக் குடிக்காது. சர்க்கரை போடத் தெரியாதாடி உனக்கு?”

ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. முதலில் வாய் திறந்தவர் காவல்படைத் தலைவர்: “எங்கம்மா கஞ்சியையாடா துப்புற?”

மிரண்டுபோன இளையாளர் கையிலிருந்த ஆட்சித்தடியைப் பொன்னுத்தாய் மேல் ஓங்கினார். கிடங்குக்காரனிடம் பிடுங்கிய அதே தடி; தங்கப்பூண் மட்டும் புதுசு.

பூவராகன் எப்போது பாய்ந்தார் என்று அவருக்கே தெரியாது. உள்ளே இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் பாய்ந்தான். காவலர்களும் மந்திரிகளும் அதே நொடியில் அதே மாதிரிப் பாய்ந்தார்கள். ஒரு கையைப் பிடிக்க நாற்பது கைகள். ஆனால் தடி பூவராகனிடம் வந்தது.

உள்ளங்கையில் அது கச்சிதமாகப் பொருந்தியது. தடி கைக்கு வந்ததும் அந்தப் பையனுக்கு ஏறிய இனிப்பு அவருக்கும் ஏறியது. தள்ளுமுள்ளில் கீழே விழுந்த இளையாளரின் மண்டைக்கு நேரே ஓங்கினார்.

“அப்பா! வேணாம்!”

“எங்கம்மா கஞ்சியைத் துப்பிட்டான்மா!”

“அவங்க உங்க அம்மா இல்லப்பா.”

பதியம் ஏறாத பிள்ளை. அவளால்தான் அதைச் சொல்ல முடியும். பூவராகன் தன் அம்மாவின் முகத்தைத் தேடிப் பார்த்தார். ஒன்றுமில்லை, வெட்டிய இடம் மட்டும் இருந்தது. ஓங்கிய தடியை அப்படியே திருப்பி, மேடையில் நின்ற பதியன் மேல் இறக்கினார். எங்கே அடித்தால் இனி யாராலும் பழுது பார்க்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? கவசம் சிதறியது. ரிப்பனைக் கடித்துக்கொண்டு திட்டுகிற ஒருத்தி பிழைத்துக்கொண்டாள்.

“கீழ போடுங்கப்பா,” என்றாள் காந்தள்.

சுற்றிலும் பார்த்தார். சதுக்கம் முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லார் கண்ணிலும் அந்தப் பன்னிரண்டு வயது, அந்தப் பசி.

தடியைக் கீழே போட்டார்.

பாய்ந்து வந்த கைகளுக்கு நடுவே அது தரையைத் தொடவில்லை.