அக்காவின் அடியாட்கள்

குடுவையில் செல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வாசல் காவலரைத் தவிரக் கட்டிடத்தில் ஈ காக்கை கிடையாது. ஜன்னலே இல்லாத அந்த செல் வளர்ப்பு அறையில் காற்றை வடிகட்டும் விசிறி வழக்கம்போல ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடையும், இன்குபேட்டரைத் திறந்ததும் முகத்தில் படிகிற வெதுவெதுப்பான ஈர வாடையும் பதினெட்டு வருடமாக அவளுக்குப் பழகியவைதான். இளஞ்சிவப்புக் கரைசலின் அடியில் மாவுப் படலம் போல ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டிய செல்கள், அவள் நிற்கும் பக்கத்துச் சுவரில் திட்டாக அப்பிக்கொண்டிருந்தன. தட்டு சாய்ந்திருக்கும் என்று நினைத்தாள். ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

குடுவையைத் திருப்பி வைத்தாள். திட்டு பின்பக்கம் போயிற்று. குறிப்பேட்டில் நேரத்தை எழுதினாள், மேசையைத் துடைத்தாள், துடைத்த மேசையையே இன்னொரு தடவை துடைத்தாள். இருபது நிமிடம் கழித்துத் திறந்தபோது திட்டு மறுபடியும் அவள் பக்கம் வந்திருந்தது.

அவை இயற்கைக் கொலையாளி செல்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்; எல்லோர் ரத்தத்திலும் ரோந்து போகிற காவல்காரர்கள்தான். எதிர்ப்படும் ஒவ்வொரு செல்லிடமும் அடையாள அட்டை கேட்கும். காட்டினால் விட்டுவிடும், காட்டாவிட்டால் அங்கேயே கதையை முடித்துவிடும். புற்றுநோய் செல்களில் கெட்டிக்கார ரகம் போலி அட்டையைக் காட்டித் தப்பிவிடும். அவளுடைய அக்காவின் நுரையீரலில் இருந்தது அந்த ரகம். ஆகவே அட்டையையே பார்க்காத கொலையாளிகளை அவள் வளர்த்தாள். அக்காவின் கட்டியைத் தின்னக் கொடுத்துப் பழக்கினாள். அக்காவின் நல்ல செல்கள்மேல் கைவைத்தவற்றைத் தேடித் தேடிக் கழித்துக்கட்டினாள்.

"உன் அடியாளுங்க எப்படி இருக்காங்கடி? வேளாவேளைக்குச் சாப்பிடறாங்களா?" என்று அக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போனில் கேட்பாள். கேட்டுவிட்டு இருமுவாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் ரத்தத்தைத் தன் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். கொடையாளிகளின் ரத்தம் மூன்று முறை வீணாகி, மருத்துவர் மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கில் பேச ஆரம்பித்தபோது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையிலேயே ஊசியை ஏற்றினாள். குழாயில் வேறு யாருடைய எண்ணையோ ஒட்டினாள். அந்த ரத்தத்திலிருந்து வளர்த்த செல்கள் ஐந்து நாளுக்கு முன் அக்காவின் நரம்பில் ஏறின; மிச்சம்தான் இந்தக் குடுவைகளில். நேற்று எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிகூட இல்லை. செய்தி வந்ததும் அவள் கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

திட்டு ஏன் தன் பக்கமே வருகிறது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அக்காவுக்கு ஆகுமா ஆகாதா என்று எல்லாவற்றையும் சோதித்திருந்தாள். தன் செல் தன்னையே தாக்குமா என்று யாராவது சோதிப்பார்களா? அவளும் சோதிக்கவில்லை.

விரலைக் குத்தி ஒரு சொட்டை எடுத்தாள். ஒரே தட்டில் அக்காவின் நல்ல செல்கள் ஒரு ஓரம், தன் ரத்தம் மறு ஓரம், நடுவில் கொலையாளிகள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். அவை அக்காவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சர்க்கரையைக் கண்ட எறும்புகளாக மொத்தமும் மறுபக்கம் ஊர்ந்தன. ஐந்து நிமிடத்தில் அவளுடைய சொட்டில் கிழிசல்கள்தான் மிச்சம். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்வதற்கு முன் அது முகர்ந்து பார்க்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் அவை தட்டின் விளிம்பில், அவள் முகம் குனிந்திருந்த பக்கம், வரிசையாக வந்து நின்றன.

வெளியே போய்விட வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, மேற்கொண்டு ஏற்றாமல் நிறுத்த வேண்டும்.

அந்த அறைக்கு இரண்டு கதவுகள், நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு சிற்றறை. வெளிக்கதவு திறந்திருந்தால் உள்கதவு திறக்காது. அழுக்குக் காற்று புகாமலிருக்க அப்படி ஒரு ஏற்பாடு. கைப்பிடியை அழுத்தினாள். அசையவில்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. போனோ வெளியே லாக்கரில் கிடந்தது. அறைக்குள் போனுக்கு அனுமதியில்லை.

சுவரிலிருந்த பேசும் பெட்டி கரகரத்தது.

"மேடம், உங்க அக்கா வந்திருக்காங்க." காவலரின் குரல். "வெளிக்கதவைத் திறந்து பிடிச்சிருக்கேன்."

"அக்காவா? அவ ஆஸ்பத்திரியில இருக்காண்ணா."

"இல்லையே, இதோ நிக்கிறாங்க."

பிறகு அக்காவின் குரல், இருமலே இல்லாமல். "ஏய் வாண்டு! மூணு மாடி ஏறி வந்தேன், மூச்சு வாங்குதா பாரு. என்னன்னே தெரியலடி, காலையில இருந்து உன்னைப் பார்க்கணும், பார்க்கணும்னு உடம்பெல்லாம் ஒரே தவிப்பு. ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டு வந்துட்டேன்."

உள்கதவில் முகம் பார்க்கிற அளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் அக்கா தெரிந்தாள். சிரித்தாள். அதே சிரிப்புதான். ஆனால் ஒரு கன்னம் பிசைந்த மாவாக வெளுத்து உப்பியிருந்தது. மறு கன்னம் ஒட்டிச் சுருங்கிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அவள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். அக்கா நகரவில்லை. வீக்கம் நகர்ந்தது. மூக்கின் மேல் ஏறி, தோலுக்கடியில் ஊர்ந்து, மறு கன்னத்தில் வந்து நின்றது.

அவள் வலப்பக்கம் நகர்ந்தாள்.

வீக்கமும் வந்தது.

"ஏண்டி அப்படிப் பார்க்கிற? மூஞ்சியில ஏதாவது ஒட்டியிருக்கா?"

அவளுக்குப் பயமாக இருந்தது. தன்னைத் தூக்கி வளர்த்தவளைப் பார்த்தே பயமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணா! வெளிக்கதவை மூடாதீங்க! பிடிச்சுக்கிட்டே இருங்க!"

"ரொம்ப நேரம் திறந்து வச்சா அலாரம் அடிக்கும் மேடம். எனக்குத்தான் திட்டு விழும்."

"விழட்டும்! மூடாதீங்க! அக்கா, நீ வெளிய போ. ப்ளீஸ்க்கா."

"அவ சின்னதுலேருந்தே இப்படித்தான், எல்லாத்துக்கும் கத்துவா." அக்கா காவலரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பக்கம் திரும்பியபோது முகம் வற்றிப்போனது. பின்கழுத்து வெளுத்து உப்பியது. "நீங்க மூடிட்டுப் போங்க தம்பி. நான் பார்த்துக்கறேன்."

அவள் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் தன்னை அடைத்து வைத்தது அதுதான். இப்போது அவளுக்கு இருந்த ஒரே துணையும் அதுதான். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை.

வெளிக்கதவு மூடும் சத்தம். மெத்தென்று.

விளக்கு பச்சையானது.

கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் உள்ளங்கை வந்து பதிந்தது. சட்டென்று அவளுடைய விரல்களுக்கு நேராக, அங்கே தோல் உப்பியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். பின்வாங்கினாள். முதுகு இன்குபேட்டரில் இடித்தது. திரும்பினாள். அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பன்னிரண்டு குடுவைகள். பன்னிரண்டிலும் திட்டு அவள் பக்கம்.

கைப்பிடி இறங்கியது.

"வாடி," என்றாள் அக்கா, கண் கலங்க. "உன்னை ஒரு தடவை கட்டிப்பிடிச்சுட்டா போதும். எல்லாம் சரியாப் போயிடும்னு தோணுது."

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். முகம் எலும்பாக வற்றியிருந்தது. உடம்பிலிருந்த வெண்மை அத்தனையும் கைகளில் இறங்கியிருந்தது. பத்து விரல் நுனிகளிலும் தோல் பாலாடையாக மெலிந்து, விம்மி, அவளை நோக்கித் துடித்துக்கொண்டிருந்தது.