சுண்டுவின் சானல்

ஒன்று சைபராக மாறவே இல்லை.

இணையத்தில் படம் காட்டும் கம்பெனியின் பழைய சர்வரை அணைக்கும் பொறுப்பு அவளுடையது. அதில் அவசரமே கூடாது. புதிதாகப் படம் பார்க்க வருகிறவர்களைப் புது சர்வருக்குத் திருப்பிவிட்டு, பழையதில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொருவராக முடித்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும். மதியம் லட்சக்கணக்கில் இருந்த கூட்டம் கரைந்து, சாயங்காலம் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

"எந்தப் புண்ணியவானோ டிவிய ஓடவிட்டுட்டுத் தூங்குறாருக்கா. தாலாட்டுப் பாடிட்டு மெதுவா வாங்க," என்று கேலி செய்துவிட்டுக் கூட வேலை பார்ப்பவன் கிளம்பிப் போனான்.

விடுமுறை நாள் என்பதால் மாடி முழுவதும் வெறிச்சோடிக் கிடந்தது. ஏசியின் ஓயாத முனகலும், சூடேறிய பிளாஸ்டிக்கும் ஈரக் கார்பெட்டும் கலந்து வந்த வாடையும், ஜன்னல் கண்ணாடியில் மழையோடு சேர்ந்து வழிந்து மங்கிக்கொண்டிருந்த வெளிச்சமும், காலி நாற்காலிகளின் நிழல்கள் தரையில் மெல்ல நீண்டு அவள் காலருகே வந்ததும் அவளை என்னவோ செய்தன. பொழுது போகட்டுமென்று அந்த ஒற்றை ஆள் என்ன பார்க்கிறார் என்று திறந்து பார்த்தாள். சானலின் பெயர்: சுண்டு.

சுண்டு அவள் மகள். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவளுக்கு விடுப்பு தீர்ந்துபோனது. அப்பா பக்கத்தில் இருந்தாலும் அம்மாதான் வேண்டும் என்று அடம். அதனால் எலிக்குட்டி கல்யாணக் கதையைத் தானே சொல்லிப் படம்பிடித்து, இந்த சர்வரில் ஒரு மூலையில் போட்டு, டேப்லெட்டில் ஓடவிட்டாள். கதை முடிந்ததும் கையாட்டி, "வரேன்டா கண்ணு" என்பாள். விடைபெறும்போது போறேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் சுண்டு அதை அப்படியே நம்பிவிடுவாள். ஒவ்வொரு முறையும் படம் முடிந்ததும் கதவையே பார்ப்பாளாம். கடைசி நாளிலும் பார்த்தாளாம். இவள் அப்போது இதே நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கோ நின்றுபோன படத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சட்டென்று காரணம் புரிந்தது. பார்ப்பவரின் கருவி சில விநாடிகளுக்கு ஒருமுறை சர்வருக்குக் குரல் கொடுக்கும். குழுவில் அதற்கு 'இருக்கேன்' என்று பெயர். அது வராவிட்டால் ஆள் போய்விட்டார் என்று சர்வர் இடத்தைக் காலி செய்துவிடும். ஆஸ்பத்திரி வைஃபை படுமோசம். படம் அறுந்தால் சுண்டு தேம்பித் தேம்பி அழுவாள். அதனால் இந்தச் சானலுக்கு மட்டும் அவள் விதியை மாற்றியிருந்தாள். எத்தனை நேரம் குரல் வராவிட்டாலும் இடத்தை விடாதே.

அப்பாடா. தன் கைவேலைதான். போன குழந்தைக்கு ஒரு இயந்திரமாவது இடம் பிடித்து வைத்திருந்ததே என்று அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தை நீக்கப் போனாள்.

திரையில் ஒரு வரி நகர்ந்தது.

இருக்கேன்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இருக்கேன். படம் கடைசிவரை ஓடியது. யாரோ படத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். மறுபடி ஓடியது. மறுபடி தள்ளினார்கள். ஒரே இடம். வரேன்டா கண்ணு. வரேன்டா கண்ணு.

வீட்டிலிருந்த கணவனுக்குப் போன் செய்தாள். "ஏங்க, அந்த டேப்லெட் எங்க இருக்கு?"

"என்னம்மா கேக்குற? அவ கையிலயே இருக்கட்டும்னு நீதானே சொன்ன. கூடவே வெச்சுத்தானே மண்ணப் போட்டு மூடினோம்."

"ஆமா."

"அழாத. கிளம்பி வந்துடு."

தெரிந்ததுதான். வேறு ஏதாவது பதில் வராதா என்றுதான் கேட்டாள்.

அணைத்தால் அங்கே இருட்டாகிவிடும். சுண்டுவுக்கு இருட்டென்றால் பயம். அணைக்காவிட்டால் காத்துக்கொண்டே இருப்பாள். இரண்டில் எது கொடுமை என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. கடைசியில் கேமராவைப் போட்டு, தன் முகத்தை நேரடியாக அந்தச் சானலில் விட்டாள்.

"சுண்டு... அம்மாடா. அம்மாவால அங்க வர முடியாதுடா. நீ பார்த்துட்டே இருக்காத. தூங்கு, என் தங்கம்." கையாட்டினாள். "அம்மா போறேன்."

ஒன்று சைபர் ஆனது.

மேஜையில் தலை கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோது ஏசியின் முனகல் கேட்கவில்லை. மழைச் சத்தமும் இல்லை. மண் வாடை மட்டும். புதிதாகத் தோண்டிய மண்.

ஸ்பீக்கரில் ஒரு சின்ன மூச்சு.

"அப்ப நான் வரேன்மா."

நிமிர்ந்தாள். பார்ப்பவர்கள் சைபர்தான். ஆனால் சானலில் ஓடியது அவள் முகம் இல்லை. வேறு யாரோ அதற்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இருட்டு. பிறகு ஒரு தாழ்வாரம். இந்த மாடியின் தாழ்வாரம். நாற்காலிக் கால்கள். தரைக்குப் பக்கத்திலிருந்து. ஆடி ஆடி. மெதுவாக.

பிறகு ஒரு பெண்ணின் முதுகு. பின்னல்.

திரும்பத் துணியவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் நாற்காலியில் ஒதுங்கி, ஒரு சின்ன ஆள் உட்கார இடம் விட்டாள்.

திரையில் ஒரு குட்டிக் கை மேலே வந்தது. ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி பாதி உரிந்து தொங்கியது. நகக்கண்ணெல்லாம் மண். அந்தக் கை பின்னலின் நுனியைப் பற்றியது.

பின்னால், அவள் தலைமுடி மெல்ல இழுபட்டது.